கருத்தம்மாளின் கல்

அனுமந்தன்பட்டி கருத்தம்மாள் யாருக்கும் பயந்தவள் இல்லை. வாய்க்கால் தண்ணீருக்கு மண்வெட்டியோடு சண்டைக்கு வந்த ஆண்களை வாயாலேயே விரட்டியவள். அவளுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில் இறந்த ஒரே மகன் சின்னச்சாமி, ஆளில்லாத எல்லையில் பசியோடு தனியாகக் கிடக்கிறான் என்பதுதான் அது. உடலை அங்கேயே எரித்துவிட்டார்கள். வீட்டில் படையல் போட்டால் காகம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளை வழி தெரியாமல் நிற்கிறான் என்று முடிவுகட்டிவிட்டாள்.

தேனிப் பூங்காவில் போர் நினைவுக்கல் வைத்தபோது, “ஒம் மகனுக்குக் கல்லு வச்சிருக்காக ஆத்தா” என்று ஊர்த்தலைவர் வந்து சொன்னார். மகன் இறந்த நாளன்று கோழிக்குழம்பும் சோறுமாகப் பஸ் ஏறினாள். ஆள் உயரக் கல்லைப் பார்த்ததும் அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. மாலை போட்டு, கல்லடியில் இலை விரித்தாள்.

காவலாளி மொக்கைச்சாமி ஓடி வந்தார். “இங்கன சோறு கீறு வைக்கக் கூடாதுக்கா. ஆபீசர் பாத்தா என்னையத்தான் வைவாக.”

“எம் மகன் கல்லுல நான் வைக்கிறேன். ஒங்க ஆபீசருக்கு என்ன வந்துச்சு?”

“ஒங்க மகன் கல்லா? இதுல எத்தன பேரு இருக்காக!”

கருத்தம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. மொக்கைச்சாமி விரல் வைத்துப் படித்துக் காட்டினார். போடி ஏசுதாசன், உத்தமபாளையம் மைதீன்பிச்சை, வீரபாண்டி சுருளிவேல் என்று வரிசை நீண்டது. நடுவில் சின்னச்சாமி இருந்தான்.

அடுத்து வசவுதான் விழும் என்று மொக்கைச்சாமி பின்னால் நகர்ந்தார். அவளோ கல்லைத் தடவிப் பார்த்தாள்.

“அப்ப எம்புள்ள ஒத்தையில கெடக்கலயா?”

சாவுச் செய்தி வந்த அன்றுகூட அழாத அழுகை அழுதாள். அத்தனை நிம்மதி அவளுக்கு. பிறகு இலையைப் பார்த்துப் பதறினாள். “அய்யய்யோ, சோறு பத்தாதே!”

ஆபீசரை மறந்துவிட்டு மொக்கைச்சாமியே போய் இலை வாங்கிவந்தார். இருந்த சோற்றை எல்லோருக்குமாகப் பிரித்து வைத்தாள். காகங்கள் கூட்டமாக இறங்கின. கோழிக்குழம்புக்கு எந்தக் காகம்தான் வராது என்று நீங்கள் கேட்கலாம். அதைக் கருத்தம்மாளிடம் கேட்டுப் பாருங்கள், தெரியும் சேதி.

அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் போனாள். ஏசுதாசன் வீட்டைத் தேடிப் போய், அவனுக்குப் பிடித்தது மீன் என்று கேட்டு வந்தாள். மைதீன்பிச்சையின் அம்மா, “எங்கள்ல படையல் இல்லக்கா” என்றாள். ஆனால் வந்தவளைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை.

ஒருமுறை கண்டக்டர், “என்னத்தா, இம்புட்டுப் பெரிய அண்டா? வீட்ல விசேசமா?” என்று அலுத்துக்கொண்டார்.

“பெறகு? சேத்தாளிகளக் கூட்டிக்கிட்டு வந்து நிக்கிறான் எம் மகன். அவன் ஒருத்தனுக்கு மட்டும் சோறு போட்டா நல்லாவா இருக்கும்?”