கடைவாய்ப் பல்லும் ரொபிப் போத்தலும்

கோப்பாயில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு ரியூசன் கொட்டகை இருக்கிறது. தகரக் கூரை, நெருக்கிப் போட்ட வாங்குகள், முன்னால் ஒரு மேசை. மேசையில் ஒரு ரொபிப் போத்தல், கழுத்துவரை மிட்டாய். புலமைப்பரிசில் சோதனைக்குப் படிக்கும் பிள்ளைகள், எழும்பாமல், கதைக்காமல் ஒரு மாதிரி வினாத்தாளைச் செய்து முடித்தால் படிப்பிக்கிற சேர் போத்தலைத் திறந்து ஒரு ரொபி கொடுப்பார். ஊருக்கே பிடித்த ஏற்பாடு அது. "சேர் ஒரு நாளும் அடிக்கிறேல்லை, ரொபி குடுத்துத்தான் படிப்பிக்கிறவர்" என்று தாய்மார் வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுப் பெருமையடிப்பார்கள்.

என் மகளுக்கு மட்டும் ரொபி முதலிலேயே கிடைத்தது. அவளால் ஒரு இடத்தில் இருக்க முடியாது. கூரையில் காகம் நடந்தால் காகத்தோடு போவாள், பக்கத்துப் பிள்ளையின் அழிறப்பர் உருண்டால் அதோடு போவாள். வாயில் ஏதாவது மென்றுகொண்டிருந்தால் கொஞ்ச நேரம் அடங்கி இருக்கிறாள் என்று சேர் கண்டுபிடித்துவிட்டார். பிறகென்ன, வந்ததும் ஒன்று, அது கரைந்ததும் இன்னொன்று. கன்னம் புடைக்க வீட்டுக்கு வருவாள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு வைத்தியரிடம் அவளைக் காட்டியிருந்தோம். கவனத்தை ஒன்றில் நிறுத்திவைக்க முடியாத குறைபாடு இது, பிள்ளையின் பிழை இல்லை, அடித்துத் திருத்த முடியாது என்று அவர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு காலமும் என் பிள்ளைக்கு ஊர் வைத்திருந்த ஒரே பெயர் 'குழப்படி'. ஓடிப்போய் வகுப்பு ரீச்சரிடம் சொன்னேன்.

"உது வெளிநாட்டுப் பிள்ளையளுக்கு வாற வருத்தமெல்லோ? வீட்டிலை செல்லம் கூடிப்போச்சு, அவ்வளவுதான்" என்றார்.

இவர், அதுதான் என் கணவர், அதைவிட ஒருபடி மேலே போனார். "நீர் ஏன் ஊரெல்லாம் சொல்லித் திரியிறீர்? நாளைக்குக் கலியாணம் பேசேக்கை ஆர் கட்டுவான்?" என்று கத்தினார். ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கலியாணம்! வாய் கூசாமல் சொன்னார்.

அவளைப் பல் தீட்ட வைப்பது ஒரு யுத்தம். பிறஷை வாயில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவாள். ஒரு அணில் குறுக்கே ஓடினால் முடிந்தது. பிறகு பிறஷைக் கொய்யாமரக் கவட்டில் தேடி எடுக்க வேண்டும். ஒரு முறை கோழிக்கூட்டுக்குள் கிடந்தது. கடைசியில் நானே காலையிலும் இரவிலும் அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு தீட்டிவிட்டேன். மதிலுக்கு அங்காலிருந்து பக்கத்து வீட்டுக்காரி பார்த்துச் சிரித்தாள். சிரிக்கட்டும். ஆனால் நான் தீட்டத் தீட்ட சேர் அந்தப் பக்கத்தால் ரொபியைப் போட்டுக்கொண்டே இருந்தார்.

இனி அவளுக்கு ரொபி குடுக்கவேண்டாம் என்று அவரிடம் நேரே போய்க் கேட்டேன்.

"தங்கச்சி, ரொபி இல்லாட்டி உவள் மற்றப் பிள்ளையளையும் படிக்க விடாள். உங்களுக்கு விருப்பமில்லாட்டிக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார். மற்றத் தாய்மார் அவர் பக்கம்தான். கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த கிழமை இவர் திரும்பக் கொண்டுபோய் விட்டார். அந்தச் சேரிடம் படித்த பிள்ளைகள்தான் ஒவ்வொரு வருடமும் பாஸாம்.

அதற்குப் பிறகு அவள் சட்டைக் கழுத்தைக் கடிக்கத் தொடங்கினாள். இரவில் புரண்டு புரண்டு படுத்தாள். வகுப்பில் முன்னரைவிட மோசம் என்று கொப்பியில் சிவப்பு மையால் எழுதி வந்தது. நோவுது என்று அவள் சொல்லவே இல்லை. சொல்ல வருவதற்குள் வேறொன்று அவளை இழுத்துக்கொண்டு போய்விடும். ஒருநாள் சோற்றை ஒரு பக்கமாக மெல்லுவதைக் கண்டு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கீழ்க் கடைவாய்ப் பல்லில் கறுப்பாய் ஒரு குழி.

"சூத்தைதானே, விழுந்து முளைக்கும்" என்றார் இவர்.

பள்ளிக்கூடத்துப் பல் சிகிச்சை அறைக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த பல்லு மிஸ் லைற்றைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது விழுந்து முளைக்கிற பல்லில்லை அம்மா. ஆறு வயசிலை பின்னாலை முளைக்கிற பல்லு, சாகுமட்டும் இருக்கவேண்டியது. இப்ப அடைச்சால் காப்பாத்தலாம். ஆனால் பிள்ளை ஆடாமல் இருக்கவேணும்." நான் வைத்தியர் சொன்னதைச் சொல்லத் தொடங்கினேன். "உதெல்லாம் இப்ப எல்லாப் பிள்ளையளுக்கும் சொல்லுகினம். நீங்கள் வெளியிலை இருங்கோ" என்றார்.

வெளியில் இருந்தேன். மெஷின் சத்தம் கேட்டது, நின்றது, கேட்டது, நின்றது. பிறகு மிஸ்ஸின் குரல்: "ஆடாதை எண்டெல்லோ சொன்னனான்! இனி ஆடினியோ, பல்லைப் பிடுங்கிப்போடுவன்!"

யன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவள் திரும்பியிருப்பாள், வேறென்ன. மிஸ் வேலையை நிற்பாட்டிவிட்டார். தற்காலிகமாக எதையோ வைத்து அடைத்து, பிள்ளை பழக்கத்துக்கு வந்த பிறகு கூட்டிவரச் சொன்னார்.

அந்த அடைப்பு ஒரு கிழமை தாங்கவில்லை. ரியூசன் விட்டு வந்தவள் கையை விரித்து, "அம்மா, இஞ்சை பாருங்கோ, ரொபிக்குள்ளை கல்லு" என்று காட்டினாள். பாதி மென்ற ரொபியில் வெள்ளையாய் ஒட்டிக்கொண்டிருந்தது அந்த அடைப்பு. அந்தப் போத்தலைத் தூக்கி ரோட்டில் அடித்து உடைக்க வேண்டும்போல் இருந்தது. இவரோ, "சோதினை முடியட்டும்" என்றார். எதற்கெடுத்தாலும் அதே பதில். நோவுக்கு மருந்து கரைத்துக் கொடுத்து அவளைச் சோதனை எழுத வைத்தார்.

சோதனை முடிந்து இரண்டாம் நாள் கன்னமும் தாடையும் வீங்கி வாய் திறக்க முடியாமல் போய்விட்டது. அப்போதுதான் இவருக்குப் பல்லின் நிலைமை விளங்கியது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து வீக்கத்தை வற்றவைத்தார்கள். அதன் பிறகு பல் வைத்தியர் எக்ஸ்றே படத்தைப் பார்த்து, "வேரும் பழுதாப் போச்சு, இனி எடுக்கத்தான் வேணும்" என்றார். நல்ல மனிதர். என்னை அவளுக்குப் பக்கத்திலேயே நிற்க விட்டார்.

அன்று அவள் அசையவில்லை. ஊசி போட்டபோதும் அசையவில்லை. குறட்டோடு கை வாய்க்குள் போனபோதும் கண்ணை இறுக மூடி, கதிரையின் இரண்டு பக்கத்தையும் பிடித்தபடி கிடந்தாள். விரல்கள் வெளுத்திருந்தன. என் பிள்ளை அப்படிக் கிடந்து அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

"இப்பிடி ஒரு நல்ல பிள்ளையை நான் காணேல்லை" என்று வைத்தியர் அவள் தலையைத் தடவினார்.

கதவடியில் நின்ற இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பஸ்ஸில் ஏறி இருந்ததும் என்னைப் பார்த்து, "பாத்தீரே? நினைச்சால் ஆடாமல் இருப்பாள். ஒரு வருத்தமுமில்லை. உமக்குத்தான் விசர்" என்றார். முன் சீற்றில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாயைத் திறந்தால் பஸ்ஸே அதிரக் கத்தியிருப்பேன்.

அவள் எங்கள் இருவருக்கும் நடுவில் பஞ்சைக் கடித்தபடி இருந்தாள். அப்போதும் கால் ஆடவில்லை, கை ஆடவில்லை. கல்வியங்காடு தாண்டியதும் பஞ்சைக் கையில் எடுத்தாள்.

"அம்மா, நான் ஆடேல்லைத்தானே?"

"ஓம் அம்மா, நீங்கள் ஆடேல்லை."

"பிறகேன் பிடுங்கினவை?"

இவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோப்பாய்ச் சந்தி வரும்வரை அவள் எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.