பென்சிலில் போட்ட பெருக்கல் குறி

பட்டாளத்துக்குச் சீருடை தைக்கும் கடையில் காஜா போடுபவள் என்பதால் எல்லாருக்கும் அவள் காஜா அக்கா. பொத்தான் துளைகளைப் பார்த்துப் பார்த்தே கண்ணாடி போட்டவள். மாமனார் ஒரு காலைப் போரில் விட்டுவிட்டு வந்தார். கணவன் பெட்டியில் வந்தான். திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்போது மகளுக்கு நான்கு வயது. தேசம் பெரிதுதான், யார் இல்லையென்றது? அதற்காக ஒரே வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருந்தால் எப்படி?

மகளும் பட்டாளத்தில் சேர்ந்தபோது காஜா அக்கா அழுதாள், ஆனால் ஆடிப்போகவில்லை. அவள் கையில் ஒரு சட்டம் இருந்தது. போரில் இறந்தவரின் ஒரே பிள்ளையைத் தாயின் கையெழுத்து இல்லாமல் போர்முனைக்கு அனுப்பக் கூடாது. "தலைகீழா நின்னாலும் போட மாட்டேன்" என்று கடையில் மார்தட்டிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மகள் போனில் பேசினாள்.

"அம்மா, வெள்ளிக்கிழமை முனைக்குக் கிளம்புறேன்."

"நான் கையெழுத்துப் போடாம எப்படிடி போவ?"

"தாத்தாவப் பாத்துக்கம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

காஜா அக்கா போட்டது போட்டபடி பட்டாள அலுவலகத்துக்கு ஓடினாள். எழுத்தர் கோப்பைத் திறந்து காட்டினார். சம்மதக் கடிதம். அடியில் அவளுடைய கையெழுத்து, அச்சு அசலாக.

எப்படி வந்தது என்று புரிய அவளுக்கு நேரமாகவில்லை. அவள் முதன்முதலில் கையெழுத்திட்டது கணவனின் உடலைப் பெற்றுக்கொண்ட தாளில். அதற்குப் பிறகு அந்த அலுவலகத்துத் தாள் எதையும் அவள் படித்ததே இல்லை. உயிரோடிருக்கிறேன் என்று வருடத்துக்கு ஒன்று, மறுமணம் செய்யவில்லை என்று ஒன்று, கட்டாக வரும். பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். இந்த வருடக் கட்டை விடுப்பில் வந்த மகள்தான் கொண்டுவந்தாள். டீ ஆறுதும்மா, சீக்கிரம் போடு என்று அவசரப்படுத்தியவளும் அவள்தான். பாவி, பெற்றவளையே ஏய்த்துவிட்டாள்.

மகள்மேல் பழி வரும் என்பது காஜா அக்காவுக்குத் தெரியாமலில்லை. ஜெயிலானாலும் போய்ப் பார்க்கலாமே! நேராக அதிகாரியின் அறைக்குள் போனாள்.

"ஐயா, எம்பொண்ணு ஏமாத்தி வாங்கிட்டா. அவமேல கேஸ் போடுங்க. ஆனா அனுப்பாதீங்க."

அதிகாரி கோப்பைப் புரட்டினார். மாமனாரின் பதக்கம், கணவனின் பதக்கம், மகளுக்குக் கிடைத்த நற்சான்று என்று எல்லாம் அதில் இருந்தன.

"உங்க குடும்பத்துல பொய் சொல்றவங்க யாரும் இல்லம்மா. மூணு தலைமுறையா பாக்குறோமே. கடைசி நேரத்துல எந்தத் தாய்க்கும் மனசு தடுமாறும். தப்பில்ல."

"சத்தியமா சொல்றேன், ஐயா. படிக்காமப் போட்டுட்டேன்."

அவர் கண்கலங்கி எழுந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவளுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். வெளியே இருந்த எழுத்தர்களும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்கள்.

"வேண்டாங்கய்யா, கைய எறக்குங்க" என்று அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "அவள அனுப்பாதீங்க."

அவர் கையை இறக்கவில்லை.