கமாவுக்குப் பின்னால் மதுக்கரை

தொண்ணூறுகளின் நடுவில், கோவையில் ஒரு நூற்பாலையின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். மறந்து வந்தால் மேனேஜரே ஆனாலும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். அவ்வளவு மிதப்பு எனக்கு.

யாராவது வராத நாளில் மட்டும் வேலை கிடைப்பவர்களைப் பதிலி என்போம். ஐந்து வருஷம் தாண்டிய பதிலிகளை நிரந்தரமாக்கப் போவதாகச் சென்னையிலிருந்த தலைமை அலுவலகம் சொன்னது. பட்டியலை ஃபிளாப்பியில் கேட்டார்கள். ஆளுக்கு ஒரு வரி. பெயர், பிரிவு, சேர்ந்த தேதி, நடுநடுவே கமா. ஃபாக்ஸ்புரோ என்ற மென்பொருளில் கட்டளை கொடுத்தேன், கோப்பு வந்தது. ஒவ்வொரு பெயரைச் சுற்றியும் மேற்கோள் குறி நின்றது. இதெல்லாம் எதற்குக் குப்பை என்று அத்தனையையும் அழித்துவிட்டு அனுப்பினேன்.

எங்கள் மில்லில் பாதிப் பேருக்குப் பழனி முருகன் பெயர். இனிஷியலும் ஒன்றாக இருந்தால், பெயருக்குப் பின்னால் கமா போட்டு ஊரைச் சேர்ப்போம். மேற்கோள் குறி இருந்தவரை அந்தக் கமா பெயருக்குள்ளேயே அடங்கியிருந்தது. நான் அழித்ததும் பிரிவு இருக்க வேண்டிய இடத்தில் ஊரும், தேதி இருக்க வேண்டிய இடத்தில் பிரிவும் போய் உட்கார்ந்துவிட்டன. தேதி இல்லாத வரிகளைச் சென்னை தள்ளிவிட்டது. ஆறு பேர் விடுபட்டார்கள்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ஆறு பேரில் ஒருவரான மதுக்கரைக்காரர் வந்தார். ஒன்பது வருஷப் பதிலி. செருப்பைக் கழற்றிய பிறகும் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"ஏனுங்க அம்மணி, எனக்குப் பின்னால சேந்தவங்களுக்கெல்லாம் ஆர்டர் வந்துருச்சுங்க. என்ற பேரை மட்டும் கம்ப்யூட்டரு உட்டுப்போட்டுதுங்களா?"

கோப்பைத் திறந்து அவர் வரியைப் பார்த்தேன். பார்த்ததுமே புரிந்தது.

"பாக்கறேனுங்க," என்றேன்.

மேற்கோள் குறிகளோடு மறுபடி எடுத்து அனுப்பினேன். நான்கு மாதம் கழித்து ஆறு பேருக்கும் ஆர்டர் வந்தது. சீனியாரிட்டியைக் கணக்கிடுவது ஆர்டர் தேதியிலிருந்துதான். அவருக்கு மூன்று வருஷம் பின்னால் சேர்ந்தவர்கள்கூட அவருக்கு மேலே போய்விட்டார்கள். மில்லில் ஆள் குறைத்தால் கீழிருந்துதான் குறைப்பார்கள்.

ஆர்டர் வந்த மறுநாள் மதுக்கரைக்காரர் ஒரு பை நிறைய அவரைக்காய் கொண்டுவந்தார்.

"அம்மணி பாக்கலீன்னா என்ற பேரு வந்தே இருக்காதுங்க."

மேனேஜரையே விட்டுவைக்காத வாய் என்னுடையது. அன்றைக்கு அது திறக்கவே இல்லை. பையை வாங்கி மேஜைக்கடியில் வைத்துக்கொண்டேன்.