இருபது முடிச்சு

தெரியாமல் நடந்தது என்றுதான் இன்றுவரை எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். பொய்.

எங்கள் மலையூரான சின்னக்கானலில் வெயில் வருவதே அபூர்வம். வந்தால், எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான துணிக்கொடியை அடுத்த வீட்டு மேரியக்கா முழுசாகப் பிடித்துக்கொள்வாள். அன்று, ஜப்பான்காரர்கள் துணியை முடிச்சுப்போட்டுச் சாயம் முக்கும் வீடியோவைப் பார்த்து, நானும் நீலச் சாயத்தில் ஒரு துப்பட்டாவை முக்கியிருந்தேன். உலர்த்தக் கொடியில் ஒரு முழ இடம்கூட இல்லை. ஆத்திரத்தில் அவளுடைய வெள்ளைச் சேலையை உருவினேன். வீடியோவில் பார்த்தபடி அங்கங்கே ஏலக்காயை வைத்து, நூலால் இறுக்கி முடிச்சுப்போட்டு, சாய வாளிக்குள் அமுக்கினேன்.

சாயங்காலம் தேடிக்கொண்டு வந்தாள்.

"தெரியாம என் துணின்னு எடுத்துட்டேன் யக்கா."

அவள் முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். "ஏட்டி, இருபது முடிச்சு போடுற வரைக்குமா தெரியல?"

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவள் மகளுக்குத் திடப்படுத்தல்; பிள்ளைகள் வெள்ளை உடுத்தி விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு. அதற்கென்று வைத்திருந்த சேலை அது. வெள்ளை உடுத்திய பிள்ளைகளுக்கு நடுவே அந்த மகள் மட்டும் நீலத்தில் முழங்காலிட்டாள். மேரியக்கா பீடத்தைப் பார்க்கவில்லை. திரும்பி, பின்வரிசையில் இருந்த என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை. ஆனால் வெயில் வரும் நாளெல்லாம் கொடியில் சரிபாதியைக் காலியாக விடுகிறாள். அதில் ஒரு கைக்குட்டையைக்கூட உலர்த்த எனக்குத் துணிச்சல் வரவில்லை.