கடலைப் பார்த்து ஓடியவன்

என் எழுத்து கோணலாக இருக்கும். வரிகள் ஏறி இறங்கும். வாசிகசாலையில் முதியோருக்கு நடக்கும் பின்னேர வகுப்பில் போன ஆண்டுதான் எழுதப் பழகினேன். அறிவித்தல் பலகையில் ஒட்டுவதற்குச் சாமித்தம்பியைப் பற்றி எழுதித் தரும்படி விளையாட்டுக் கழகத் தம்பிமார் கேட்டார்கள். நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் எழுதுகிறோம் என்றும் சொன்னார்கள். அவனைப் பற்றி இன்னொருவர் கையால் எழுதுவிக்க எனக்கு மனமில்லை. பொறுத்து வாசியுங்கள்.

நெல் வேளாண்மை வெட்டுக்காகப் பழுகாமத்தில் மகள் வீட்டில் நின்றேன். திரும்பி வந்து பஸ்ஸால் இறங்கியபோது, தரிப்பிடச் சுவரில் மரண அறிவித்தல் ஒன்று ஒட்டியிருந்தது. கண்ணில் படுவதையெல்லாம் வாசிப்பது இப்போது என் வழக்கம். சவர்க்கார விளம்பரத்தையும் விடுவதில்லை. அந்த அறிவித்தலையும் எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். ஒரு முழுப் பெயரைத் தடங்கலில்லாமல் வாசித்துவிட்ட சந்தோசம்தான் முதலில் வந்தது. அது யாருடைய பெயர் என்பது பிறகுதான் விளங்கியது. பையை அங்கேயே போட்டுவிட்டு அவன் வீட்டுக்கு ஓடினேன்.

வழியில் ஒருவரும் பயப்படவில்லை. ஒரு கிழவன் தெருவால் ஓடுகிறான் என்று பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைச் செய்தார்கள். எங்கள் ஊரில் அப்படி ஓட முடிவதே சாமித்தம்பி பெற்றுத் தந்த வெற்றி.

அவன் என் மாமியின் மகன். ஒரே ஆண்டில் பிறந்தவர்கள் நாங்கள். 'அவர்' என்று எழுத என் கை மறுக்கிறது. அவன் மேசன் வேலை செய்தான், நான் கடல் தொழில் செய்தேன். இளமையில், சித்திரைப் புத்தாண்டு விளையாட்டில் மரதன் ஓட்டம் வைத்தால் அவன் முதலாவதாக வருவான், நான் இரண்டாவதாக வருவேன். ஓர் ஆண்டும் இது மாறியதில்லை. "நீ நல்லா ஓடுறாய் மச்சான், எனக்குப் பின்னால," என்பான்.

சண்டைக் காலத்தில் ஓட்டம் நின்றுபோனது. ஆமிக்காரர் காவல் நிற்கும் சென்றிக்கு முன்னால் ஓடுகிறவன் மேல்தான் துவக்கு முதலில் திரும்பும். மழை கொட்டினாலும் நனைந்தபடி ஆறுதலாக நடக்கப் பழகினோம். பிள்ளைகளுக்கும் அதையே பழக்கினோம். பிறகு சுனாமி வந்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய நிலம் எங்களுடையது. அன்று ஊரே வாவிப் பக்கம் ஓடியது. நான் தொழிலுக்குப் போகாததால் என் மனைவி கனகம் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போயிருந்தாள். அவள் வரவில்லை. அதன் பின் கடற்கரை வீதிக்கு அந்தப் பக்கம் நான் கால் வைக்கவில்லை. கடல் தொழிலை விட்டு வாவியில் இறால் பிடித்துச் சீவித்தேன்.

சண்டை முடிந்தது. அடுத்து வந்த மாரி கழிந்ததும், ஒரு விடியலில் சாமித்தம்பி என் வாசல் படலையில் வந்து நின்றான். மகனுடைய அரைக் காற்சட்டையைப் போட்டு, இடுப்பில் கயிற்றால் கட்டியிருந்தான்.

"ஓடுவம் வா மச்சான்."

"ஆரு பின்னால கலைக்கான்?"

"ஒருத்தனும் கலைக்கல்ல. அதான் ஓடுவம் எண்டு சொல்றன்."

நான் மறுத்துவிட்டேன். அவன் தனியாக வாவியை நோக்கி ஓடத் தொடங்கினான். ஒழுங்கையோர வீட்டில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் அவனைக் கண்டாள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மனிதன் ஓடுகிறான். அவளுக்கு அது போதும். விளக்குமாற்றைப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவளைக் கண்டு அடுத்த வீடு ஓடியது. நானும் ஓடினேன். இரைச்சல் கேட்டுத் திரும்பிய சாமித்தம்பி, ஊரே பின்னால் வருவதைக் கண்டு, கடல்தான் வருகிறது என்று நம்பி இன்னும் வேகமாக ஓடினான். வாவிப் பாலத்தில் ஏறிய பிறகுதான் எல்லாரும் நின்றோம்.

"கடல் எவடத்த வருகுது?" என்று சாமித்தம்பி கேட்டான்.

"உன்னக் கண்டுதானே நாங்க ஓடி வந்தம்," என்றேன்.

"உங்களக் கண்டெல்லோ நான் ஓடினன்."

அவன் மனைவி பாக்கியம் கையில் அகப்பையோடு மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். "இந்த வயசில உங்களுக்கு என்ன ஓட்டம்? உலையில அரிசி கிடக்கு. சோறு குழைஞ்சா முழுக்க நீங்கதான் தின்னணும்."

"குழைஞ்ச சோறு பல்லில்லாதவனுக்கு நல்லம்கா," என்றான்.

பாலத்தில் நின்ற அத்தனை பேரும் சிரித்தோம். ஆனால் அவன் இனி ஓடக் கூடாது என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் விடிய மறுபடியும் ஓடினான். இந்தத் தடவை கடலை நோக்கி ஓடினான். முற்றம் கூட்டிய பெண் நிமிர்ந்து பார்த்தாள், பிறகு குனிந்து கூட்டினாள். திரும்பி வரும்போது நடந்து வந்தான். "கடலுக்குப் பயந்தவன் கடலப் பாத்து ஓடமாட்டான். சனத்துக்கு அது விளங்கும்," என்றான். அன்று முதல் அதுவே அவன் சட்டமானது. போகும்போது ஓட்டம், வரும்போது நடை. சில நாளில் பொடியன்கள் சேர்ந்தார்கள். பிறகு வலைக்காரர் சேர்ந்தார்கள். கடைசியில் நானும் சேர்ந்தேன். ஆனால் கடற்கரை வீதி வந்ததும் என் கால் நின்றுவிடும். அவர்கள் கடந்து போவார்கள். நான் நிற்பேன். நனைந்த காலோடு திரும்பி வரும் சாமித்தம்பி, "என்ன மச்சான், இன்னமும் சென்றியிலயா நிக்காய்?" என்பான். அதற்கு மேல் ஒன்றும் கேட்கமாட்டான்.

அந்தச் சித்திரைக்குக் கழகம் மறுபடியும் விளையாட்டு விழா வைத்தது. வயதானவர்களுக்கும் ஓட்டம் வேண்டும், அது கடல் தண்ணீரின் ஓரத்தில் முடிய வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடித்தான். தொடக்கி வைக்கத் தம்பிமார் வெடி கொண்டுவந்தார்கள்.

"வெடி வேணாம் தம்பி. சத்தம் கேட்டா நாங்க எல்லாரும் நிலத்தில படுத்திருவம். மறுகா எங்கள ஒழுப்ப ஏலா," என்றான்.

கோயில் சேமக்கலத்தை அடித்துத் தொடக்கினார்கள். வழக்கம்போல் அவன் முன்னே போனான், நான் பின்னே போனேன். கடற்கரை வீதி வந்தது. நான் ஓட்டத்தைக் குறைத்தேன். பாக்கியம் வீதியோரம் நின்றாள். அவளுடைய தாயையும் சுனாமியன்று கடல் கொண்டுபோனது. அவளும் வீதியைத் தாண்டுவதில்லை. சாமித்தம்பி வீதியைக் கடந்து மணலில் ஏறினான். ஏறியவன் கிறுகி, என் பக்கம் திரும்பிப் பார்த்தான். வா என்று கெஞ்சவில்லை. "ரெண்டாவதாவது வா மச்சான்," என்றான்.

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. இளமையில் இருந்து சேர்த்துவைத்த கோபம். வீதியை எப்போது கடந்தேன் என்று தெரியாது. மணல் காலை இழுத்தது. அவனைக் கடந்தேன். முடிவுக் கயிற்றை நெஞ்சால் அறுத்துக்கொண்டு போனேன். தண்ணீர் இடுப்புக்கு வந்த பிறகுதான் நின்றேன். கனகத்தின் பெயரைச் சொல்லி முகத்தைக் கழுவினேன். கரையில் சனம் கைதட்டியது. வீதியில் நின்றபடியே பாக்கியம் கூப்பிட்டாள்: "அண்ணன், வெண்டது நீங்கதான். இனிக் கரைக்கு வாங்க."

அன்றில் இருந்து சாகும் வரை அவன் என்னோடு வாதாடினான். "நான் கிறுகினதாலதான் நீ வெண்டாய்."

"கிறுகச் சொன்னது ஆரு?"

வேண்டுமென்றே நின்றாயா என்று ஒரு தரம் நேராகக் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்தபோதும், "அந்த ஓட்டத்த மறுகா வைக்கணும்," என்றுதான் சொன்னான். அவன் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. நானும் வெற்றியை விட்டுக்கொடுக்கவில்லை.

அவனிடம் இருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். முன்னால் ஓடுகிறவன் ஒரு தரம் கிறுகிப் பார்க்க வேண்டும். இப்போது காலையில் கிழவர்களில் நான்தான் முன்னுக்கு. அவனுடைய முப்பத்தோராம் நாள் சடங்கு கழிந்ததும் பாக்கியம் பழையபடி கடற்கரை வீதி வரை வரத் தொடங்கினாள். நேற்று நான் வீதியைக் கடந்து, மணலில் நின்று கிறுகிப் பார்த்தேன்.

"ரெண்டாவதாவது வா தங்கச்சி," என்றேன்.

"உங்களுக்கும் அவரப் போல வாய் வந்திட்டு," என்றாள். நல்ல கோபம். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாள். பிறகு வீதியின் இரண்டு பக்கமும் வாகனம் பார்த்தாள்.

கை வலிக்கிறது, தாளும் முடிகிறது. மணலில் அவள் எப்படி ஓடினாள் என்பதை வருகிற கிழமை எழுதுகிறேன்.