ஒட்டுக்குக் கீழே தளிர்த்த மரம்

மானிப்பாய் வீட்டில் மாமா, அதாவது என் கணவரின் அப்பா, நாரத்தைக் கன்றொன்றின் மேல் ஆரஞ்சுக் கிளையை, எங்கள் பேச்சில் தோடையை, ஒட்டி ஒரு மரம் வளர்த்திருந்தார். அவர் இறந்த அடுத்த மாரியில் புயல் அதை முறித்துப் போட்டது. அடியிலிருந்து வந்த தளிருக்கு மாமி வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றி மறுபடி மரமாக்கிவிட்டார். ஆனால் ஒரு காய்கூட இல்லை. கணவருக்கோ அந்த இடத்தில் கார்க் கொட்டில் போடவேண்டும். தோடை என்றால் விடுகிறேன், நாரத்தை என்றால் தறிக்கிறேன் என்றார். மாமி இலையைக் கசக்கி மணந்து, தோடைதான் என்று சாதித்தார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பல்கலைக்கழகத்தில் இந்த இனங்களின் ரைபோசோம் டி.என்.ஏ.யைத்தான் கிண்டிக்கொண்டிருந்தேன். பார்த்துச் சொல்கிறேன் என்று பெரிய மனுசி போலச் சொல்லிவிட்டேன்.

விஷயம் இதுதான். புரதம் செய்யும் ரைபோசோமுக்கான மரபணுக்கள் ஒவ்வொரு கலத்திலும் நூற்றுக்கணக்கான பிரதிகளாக வரிசையில் நிற்கும். அவை லேசில் மாறாது. எந்தச் செடியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நடுவில் கிடக்கும் இடைத்துண்டுகள் அப்படியல்ல. தலைமுறை தலைமுறையாக மாறி, இனத்துக்கு இனம் வேறாகிவிடும். ஆனால் ஒரே இனத்துக்குள் பிரதிகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒத்துப்போய்விடும். அதனால் இனத்தைக் கண்டுபிடிக்க ஒரு இலை போதும்.

முடிவு வந்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. தோடையோடு பொருந்தவில்லை, நாரத்தையோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. இன்னொரு இலை பறித்துச் செய்தேன், அதே கதைதான்.

கணவரையும் வைத்துக்கொண்டு மாமியிடம் சொன்னேன். ஒட்டின தோடை புயலோடு போய்விட்டது, இது கீழே நின்ற நாரத்தை என்றேன். எனக்கு அழுகை வரப்பார்த்தது. மாமி அழவில்லை. வாளியைக் கீழே வைத்தார்.

"மேலை ஒட்டின கிளை எங்கையிருந்து வந்தது, பிள்ளை?"

உரும்பிராயில் யாரோ கொடுத்தது என்று அவரே முன்பு சொல்லியிருந்தார். அதையே திருப்பிச் சொன்னேன்.

"ஓம். கீழை நிண்டது உன்ரை மாமா விதை போட்டு முளைக்க வைச்சது. அப்ப போனது உரும்பிராயான்ரை. நிக்கிறதுதான் மாமான்ரை."

பிறகு வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். கார் இன்றைக்கும் வெயிலில்தான் நிற்கிறது.