மலைக்குள்ள ஊரு

எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், அந்தப் படத்தை யாரும் அதன் பெயரால் சொன்னதில்லை. ‘மலைக்குள்ள ஊரு’ என்பார்கள். அதனால் பிற்காலத்தில் சுங்கைப் பட்டாணியில் வீடியோ கேசட் கடை கடையாக ஏறி விசாரித்தபோது என்னால் கதையைத்தான் சொல்ல முடிந்தது. ஒரு கடைக்காரர் பாட்டைப் பாடிக் காட்டச் சொன்னார். பாடினேன். யோசித்துவிட்டு வேறு ஏதோ ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து முழுவதும் பார்த்தேன்; அது இல்லை. அந்தப் பாட்டை இன்னும் ஒரு முறை கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை இந்த வயதிலும் என்னை விடவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. குருணுக்கு அருகில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் அறிவித்திருந்தார்கள். சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் சேர்த்துச் சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். விடியற்காலையில் மரத்தைக் கீறிப் பால் வெட்டப் போகிறவர்களை வேலி வாசலில் நிறுத்திச் சோதிப்பார்கள். ஒரு பிடி சோறு வெளியே போகக்கூடாது. வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டில் ஒளிந்து சண்டை போடுகிறவர்களுக்குப் போய்விடுமாம். மாலை ஆறு மணிக்கு வாசலைப் பூட்டிவிடுவார்கள்.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, எங்களோடு இருந்தாள். மாமா நான்கு மாதங்களுக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை பெரட்டுக்கு வரவில்லை. விடியுமுன் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. அவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள் என்று அம்மா சொன்னாள். அதன்பிறகு பெரியவர்கள் “உள்ள போயிட்டாரு” என்றார்கள். எங்கள் தோட்டத்தில் அந்தச் சொல்லுக்கு அப்போது இரண்டு அர்த்தம் இருந்தது. ஜெராய் மலைப் பக்கம் தலையை ஆட்டிச் சொன்னால் காடு. டவுன் பக்கம் ஆட்டிச் சொன்னால் போலீஸ் காவல். மாமாவைப் பற்றிச் சொன்னபோது யாரும் எந்தப் பக்கமும் தலையை ஆட்டியதாக எனக்கு நினைவில்லை.

மூன்றாவது அர்த்தத்தை நான் படத்தில் கற்றுக்கொண்டேன்.

குருண் கொட்டகையில் அது மூன்று ஞாயிறு ஓடியது. தோட்டத்து லாரியில் பெண்களும் பிள்ளைகளுமாக மதிய ஆட்டத்துக்குப் போனோம். மழையில் வழி தவறிய ஒருவன் மலையில் ஒரு பாறைப் பிளவைக் காண்கிறான். அங்கே காவல் நிற்கும் கிழவன் அவனை உள்ளே வரச் சொல்லிப் பாடுகிறான். உள்ளே ஓர் ஊர். யாரும் யாரையும் அதட்டுவதில்லை. நெல் குவியல் குவியலாகக் கிடக்கிறது, வேண்டியவர்கள் அள்ளிக்கொள்கிறார்கள். நடக்கும்போதும் பாடுகிறார்கள், குளிக்கும்போதும் பாடுகிறார்கள். ஒரே ஒரு ஆபத்து அந்த ஊர் ஆற்றில் இருந்தது. அதில் தண்ணீர் குடித்தவனுக்கு வெளியே விட்டு வந்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக மறந்துபோகும். அவன் மனைவி மலைச்சரிவில் காத்திருக்கிறாள்.

“பெரட்டு இல்ல, சோதனை இல்ல. நல்ல ஊருதான்” என்றாள் அத்தை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அப்போ பால் யாரு வெட்டுறதாம்? மரமே வாளியத் தூக்கிட்டு ஸ்டோருக்கு வருமாக்கும்!” என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. முன்வரிசை வரை சிரிப்பு போனது. அத்தை சிரிக்கவில்லை.

முடிவை மட்டும் எங்களால் பார்க்க முடியவில்லை. அவன் பிளவின் ஓரத்தில் வந்து நிற்கிறான், வெளியே மனைவி. அந்த இடத்தில் லாரிக்காரர் ஹாரன் அடித்தார். ஆறு மணிக்குள் வேலி வாசலில் இருக்க வேண்டும். எல்லாரும் எழுந்து ஓடினோம்.

அந்த வாரம் மாமாவின் அண்ணன் செமிலிங்கிலிருந்து வந்தார். குடும்பத்தோடு கடல் கடந்து சொந்த ஊருக்கே திரும்புவதாகவும், பினாங்கில் கப்பல் ஏறும்போது அத்தையையும் கூட்டிக்கொண்டு போவதாகவும் சொன்னார். அப்பாவுக்கும் அதுதான் சரியென்று பட்டது.

“இங்க யாரப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கப் போற? போயிடும்மா” என்றார்.

“படம் முடியட்டும்ண்ணே. சொல்றேன்” என்றாள் அத்தை.

அவள் விளையாட்டாகச் சொல்கிறாள் என்று அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் தினமும் அத்தையின் பாயில் படுப்பவள். மாமா எங்கே போயிருக்கிறார் என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. ஜெராய் மலை எங்கள் வாசலிலிருந்தே தெரியும். அதில் எங்கோ ஒரு பாறைப் பிளவு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாம் ஞாயிறும் அதே இடத்தில் ஹாரன் அடித்தது. கொட்டகைக்கு வெளியே வந்ததும் அத்தை என் தோளைப் பிடித்தாள்.

“பாப்பா, காக்கா கடைக்கு ஓடு. அவன் வெளிய வந்தானான்னு கேட்டுட்டு வா. சுருக்கா வரணும்.”

காக்கா என்று எல்லாரும் கூப்பிடும் முஸ்லிம் பெரியவரின் தேத்தண்ணிக் கடை கொட்டகையின் பலகைச் சுவரோடு ஒட்டியிருந்தது. ஆண்கள் உட்காரும் இடம். அத்தை அங்கே போக மாட்டாள். காக்கா ஒரு படத்தையும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் தேத்தண்ணி ஆற்றியபடியே தினமும் மூன்று ஆட்டத்தையும் சுவர் வழியாகக் கேட்டதில் எல்லா வசனங்களும் அவருக்கு மனப்பாடம்.

“வரலை புள்ள” என்றார். “ஆத்துத் தண்ணியக் குடிச்சிட்டான்ல. அந்தப் புள்ள பேரு சொல்லி கூப்புடுது, கூப்புடுது. அப்புறம் கல்லு மூடுற சத்தம். அம்புட்டுத்தான், பாட்டப் போட்டுருவான்.” பிறகு என்னைக் குனிந்து பார்த்து, “யாரு கேக்கச் சொன்னா?” என்றார்.

“அத்தை.”

அவர் ஆற்றுவதை நிறுத்தினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஹாரன் அடித்தது, ஓடிவந்துவிட்டேன்.

கடைக்கும் லாரிக்கும் இடையே நாற்பது தப்படி இருக்கலாம். அதற்குள் முடிவு செய்தேன். லாரியில் ஏறி, அத்தையின் காதில், “வந்துட்டாராம்” என்றேன்.

“காக்கா சொன்னாரா?”

“ம்.”

“பேரெல்லாம் ஞாபகம் இருந்துச்சாமா?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. சுற்றிலும் பாடிக்கொண்டிருந்த பெண்கள் பாட்டை நிறுத்தியிருந்தார்கள். “எல்லார் பேரையும் சொன்னாராம். ஒண்ணுகூட விடலையாம்” என்றேன்.

அத்தை என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை விரலால் ஒதுக்கிவிட்டு, வழியெல்லாம் மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். மறுநாள் பெரட்டுக்குப் போகுமுன் அப்பாவிடம், “நான் கப்பல் ஏறலண்ணே” என்றாள். அப்பா எவ்வளவோ பேசிப் பார்த்தார். பிற்பாடு கப்பல் அத்தை இல்லாமல்தான் போனது. அத்தை கடைசி வரை எங்களோடுதான் இருந்தாள்.

மூன்றாம் ஞாயிறு தோட்டத்து மேனேஜர் துரை மாற்றலாகிப் போகிற நேரம். அவர் கேட்டுக்கொண்டதன்பேரில் அன்று ஒருநாள் மட்டும் வேலி வாசலை ஏழரை வரை திறந்து வைத்தார்கள். லயத்துப் பெண்கள் ஒருத்தி விடாமல் கிளம்பினார்கள். அத்தை மட்டும் வரவில்லை. “அதான் முடிவு தெரிஞ்சிருச்சே, நீங்க போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டாள். அவள் என்னை முழுதாக நம்பிவிட்டாள் என்று எனக்குப் பெருமை.

அன்று ஹாரன் அடிக்கவில்லை. மனைவி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் திரும்பி, வழிப்போக்கர் யாரையோ பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தான். கல் மூடியது. வெறும் பாறைமேல் கிழவனின் அந்தப் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமாக லாரியில் பாடிக்கொண்டே வரும் பெண்கள் அன்று ஒருவரும் பாடவில்லை. கப்பலுக்கு இன்னும் நாள் இருந்தது; இத்தனை பேரில் யாராவது ஒருத்தி சொன்னால் போதும், அத்தை ஏறிப் போய்விடுவாள். வழி நெடுக நான் ஒவ்வொருத்தியின் வாயையும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இன்னும் வெளிச்சம் இருந்தது. லாரி நின்ற இடத்துக்கு எதிரே பொதுக் குழாயில் அத்தை தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். முதலில் இறங்கியவள் பக்கத்து வீட்டு அக்கா.

“அட போ அத்தாச்சி! எங்க முடிவப் பாத்தோம்? சரியா அந்த நேரம் பாத்து கரண்ட்டு போச்சு” என்றாள்.

“கொட்டகையே இருட்டு. ஒண்ணுமே தெரியல” என்றாள் இன்னொருத்தி.

“அதான் எந்திரிச்சு வந்துட்டோம்” என்றாள் அம்மா. ஒரு சின்னப் பொய் சொன்னாலும் என் தொடையில் கிள்ளுகிற அம்மா.

அத்தை குழாயை மூடினாள். “மூணு வாரமும் ஒங்களுக்குக் குடுத்து வைக்கல. எங்க பாப்பாவக் கேளுங்க, அவ சொல்லுவா” என்றாள்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். “சொல்லு பாப்பா, வந்துட்டானா?” என்று அக்கா கேட்டாள். அவள் குரலில் வழக்கமான கேலி இல்லை.

“வந்துட்டாரு. எல்லார் பேரையும் சொன்னாரு” என்றேன்.

“அப்படிச் சொல்லு!” என்றார்கள். தலையை ஆட்டினார்கள். அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

கொட்டகையில் அன்று ஒரு நொடிகூட கரண்ட் போகவில்லை. அவர்கள் என் பொய்யைக் காப்பாற்றுகிறார்கள் என்பது வரைக்கும் எனக்கு விளங்கியது. ஆனால் நான் அதை யாரிடமும் சொல்லவே இல்லையே. லாரி நிறைய இருந்த அத்தனை பேருக்கும் அது எப்படித் தெரிந்தது என்பதுதான் அன்று விளங்கவில்லை.